எறிந்தவர் மேல்தான் தப்பு

அவர் கையிலிருந்து ஒரு காப்பிக் கோப்பையை வாங்குவதென்றாலும் வாயைத் திறந்து பேசியாக வேண்டும். கோப்பையை நீட்டுவார். நாம் பிடித்துக்கொண்ட பிறகும் விடமாட்டார். "பிடிச்சீங்களா?" என்று கேட்பார். "பிடிச்சேன்" என்று சொன்னால்தான் அவருடைய விரல்கள் பிரியும். தலையை ஆட்டினால் செல்லாது. சிரித்தாலும் செல்லாது. முதல் வாரம் இது தெரியாமல் நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, டெக்சாஸ் பிளானோவில் எங்கள் ஆபீஸின் மூன்றாம் மாடியில் ஒரு காகிதக் கோப்பைக்காகக் கயிறு இழுக்கும் போட்டி நடத்தினோம். பாதிக் காப்பி கார்ப்பெட்டுக்குப் போனது.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். தொலைபேசி நிலையங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. அவர் எங்கள் டீம் லீட். பொள்ளாச்சிப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஒல்லி, மூக்கில் நிற்காத கண்ணாடி. யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. மாம்பலத்திலிருந்து வந்து இறங்கிய என்னை முதல் நாளே "அம்மணி" என்றார். எனக்கு ஏதோ கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. அவர்கள் ஊரில் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற சாதாரண வார்த்தைதான் அது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பதிலுக்கு நான் அவரை சார் என்றேன். அமெரிக்காவில் யாரும் யாருக்கும் சார் இல்லை என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

டெக்சாஸில் ஜூலை பிறந்துவிட்டால் வெயிலையும் ஃபுட்பாலையும் தவிர வேறு பேச்சு இல்லை. பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். குவார்ட்டர்பேக் என்று ஒருவர் எறிவார். ரிசீவர் என்று நாலைந்து பேர் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். மற்ற எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். இவ்வளவு புரிந்தால் மதியச் சாப்பாட்டு மேஜையில் இடம் பிடித்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குவது என்னவோ செப்டம்பரில். சண்டை மட்டும் இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடும். இந்த வருஷம் யார் எறிவார், யாரை வைத்துக்கொள்வார்கள், யாரைக் கழற்றிவிடுவார்கள் என்று ஆபீஸ் முழுக்க ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள்.

எங்கள் மேஜையில் எதிர்க்கட்சி ஜிம். இரண்டு ஆள் பருமன், பிறந்ததிலிருந்து அந்த அணிதான் அவனுக்கு எல்லாம். ஊர் அணியின் குவார்ட்டர்பேக்கைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் கையிலிருக்கும் பர்கரைக் கீழே வைத்துவிடுவான். போன வருஷம் தோற்றதெல்லாம் ரிசீவர்களால்தான், கையில் விழுந்ததைக்கூடப் பிடிக்கத் துப்பில்லாதவர்கள் என்பது அவன் கட்சி. நம்மவர் தயிர்சாதத்தை மூடிவைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு மறுப்பார். பந்து கீழே விழுந்தால் எறிந்தவர் மேல்தான் தப்பு. அரை விநாடி முன்னால் எறிந்திருப்பார், இல்லை ஒரு கை அதிக உயரத்தில் எறிந்திருப்பார், அதுவும் இல்லையென்றால் பிடிக்கிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எறிந்திருப்பார். அவர் தயாரா என்று பார்க்காமல் கையை விட்டது யார்? ஜிம் என்னைப் பார்ப்பான், நான் ஜிம் பக்கம் சாய்வேன். ஆட்டம் புரிந்து சாயவில்லை. வாதத்தில் அவர் ஒரு தடவையாவது தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் பழைய ஆட்டங்களின் வீடியோ கேசட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்தார். பந்து கீழே விழுகிற இடங்களாகப் பார்த்து ஓட்டி, நிறுத்தி, பின்னால் போய், மறுபடியும் நிறுத்தினார். ஒரு பந்து ரிசீவரின் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வந்து, பட்டு, நழுவியது. நான் விடவில்லை.

"கைக்குள்ளயே வந்துடுச்சே சார். இதுக்கும் எறிஞ்சவர்தான் காரணமா?"

"கைக்கு வந்துதுங்க அம்மணி. அவரு கண்ணுக்கு வரலையே. கண்ணு இன்னும் திரும்பவே இல்ல பாருங்க."

பார்த்தோம். திரும்பித்தான் இருந்தது. அவருக்கு மட்டும் திரும்பாததாகத் தெரிந்தது. அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, இந்த மனுஷர் தெருவில் எவனாவது இடறி விழுந்தால்கூட ரோடு போட்டவர் சார்பில் மன்னிப்புக் கேட்பார் என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

இத்தனை பேசுகிறவர் பந்தைத் தொட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கம்பெனி பிக்னிக்கில் ஜிம் வற்புறுத்தி அவரைக் குவார்ட்டர்பேக்காக நிற்க வைத்தான். எதிர்க் கோடியில் என் கணவர் ரிசீவர். பந்து கைக்கு வந்ததும் இவர் எறியவில்லை. மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "எறியட்டுங்களா?" என்று கேட்டார். என் கணவர் காதில் அது விழவில்லை போலிருக்கிறது. இவர் காத்திருந்தார். அதற்குள் மூன்று பேர் வந்து இவர்மேல் விழுந்துவிட்டார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, புல் ஒட்டிய சட்டையோடு அவர் என் கணவரிடம் போய் மன்னிப்புக் கேட்டதை ஜிம் இரண்டு வருஷம் எல்லாருக்கும் நடித்துக் காட்டினான்.

வேலையிலும் இதேதான். யாருடைய புரோகிராம் உடைந்தாலும், அவர்களுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் தெளிவு போதவில்லை என்பார். குறிப்பு எழுதியது அவர். புதிதாக வந்தவர்களுக்கு இது தேவலோகமாக இருக்கும். எனக்கோ ஒரு வருஷத்துக்குப் பிறகு எரிச்சல் வர ஆரம்பித்தது. தப்புச் செய்யக்கூட அந்த மனிதர் இடம் கொடுக்கவில்லை. நான் கெடுத்ததையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். நான் என்ன, கையில்லாதவளா என்று இருக்கும்.

எரிச்சலோடு சோம்பலும் சேர்ந்துகொண்டது. தினம் பத்துத் தடவை "பிடிச்சேன்" சொல்லிச் சொல்லி, கை போவதற்கு முன்பே வாய் சொல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் மதியம் அவர் வீட்டு சாம்பார்ப் பாத்திரத்தை மேஜைக்கு மேலாக நீட்டினார். நான் ஜிம்மோடு பேசிக்கொண்டே "பிடிச்சேன்" என்றேன். அவர் விட்டார். பாத்திரம் விழுந்து மேஜை, நாற்காலி, ஜிம்மின் வெள்ளை ஷூ எல்லாம் சாம்பார். "நான் கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே காகிதத் துண்டுகளோடு குனிந்தார். நான் பதறிப்போய் ஏதோ சொன்னேன். ஆனால் அன்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும். அவர் பார்ப்பதில்லை, நம்புகிறார்.

நம்மூரில் இது பெரிய விஷயமே இல்லை. இன்னும் குளிக்கவே போகாதவன் போனில் "கிளம்பிட்டேன்" என்பான். தையற்காரர் துணியைத் தேடிக்கொண்டே "ரெடியாயிடுச்சு" என்பார். கேட்கிறவருக்கும் கால் மணி கழித்துக்கொள்ளத் தெரியும். நான் அப்படி வளர்ந்தவள்தான். "ஆச்சு சார்" என்றால் ஆகிவிடும் சார் என்று பொருள். பொள்ளாச்சியிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் மட்டும் எப்படிக் கழிக்கத் தெரியாமல் வளர்ந்தாரோ.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூன் மாதம். சுற்றியுள்ள கம்பெனிகளில் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களிடமும் இரண்டு சுற்று முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு சின்ன ஊரின் தொலைபேசி நிலையத்துக்குப் புது மென்பொருள் ஏற்றும் வேலை வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அங்கே இருக்கும் தகவல் எல்லாவற்றையும் டேப்பில் பேக்கப் எடுத்துவிட வேண்டும். அது என் வேலை. பேக்கப் முடிந்ததும் புதியதை ஏற்றுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸில், அவர் தன் வீட்டில், இருவரும் போனில்.

"பேக்கப் ஆச்சுங்களா அம்மணி?"

டேப் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி முடிந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம். அவர் கண்ணாடியைத் துடைத்து, கட்டளையை இரண்டு தடவை படித்து, மூன்றாவது தடவை தட்டுவதற்குள் முடிந்துவிடும்.

"ஆச்சு சார்."

அவர் விட்டார். அன்றைக்கென்று கண்ணாடி துடைக்கவில்லை போல. நாலாவது நிமிஷத்தில் என் டேப் பிழை காட்டி நின்றது. நான் போனில் கத்துவதற்குள் அந்தப் பக்கம் புதியது ஏறத் தொடங்கிவிட்டது. அதுவும் பாதியில் நின்றது. திரும்பிப் போகப் பழையது இல்லை. அந்த ஊரில் மூன்று நாள் பல வீடுகளில் போன் இல்லை. எல்லாவற்றையும் கையால் திரும்ப ஏற்றினோம்.

அடுத்த வாரம் விசாரணை மாதிரி ஒரு கூட்டம். டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி. பேக்கப் முடிந்தது என்று உறுதி செய்தது யார்? நான் நீள மேஜையின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தேன். வேலை போனால் அறுபது நாளோ என்னவோ, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். என் கணவருக்கு என் விசாவில்தான் அமெரிக்கா. வேலை செய்ய அனுமதி இல்லாமல் மூன்று வருஷமாக வீட்டில் இருந்தவர். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போதுதான் கம்பெனியில் நகர ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிஷத்தில் இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். நான் எதையுமே யோசிக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

அவர் பதில் சொன்னார். வாய் வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டுத் தான் தொடங்கியதாகவும், திரையில் சரிபார்த்திருக்க வேண்டியது தன் பொறுப்பு என்றும், முடிவு முழுவதும் தன்னுடையது என்றும் நிதானமான இங்கிலீஷில் சொன்னார். டைரக்டர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். மேஜைமேல் யாரோ வைத்த கோப்பையின் ஈர வட்டம் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் மூன்றாவது சுற்று வந்தது. அவர் பெயர் அதில் இருந்தது. ஆறு வருஷம் காத்திருந்து அவருடைய கிரீன் கார்டு கடைசிப் படியில் நின்றது. அதுவும் போயிற்று. அந்தக் கோடையில் டெக்சாஸில் யாரும் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருந்த நண்பர்களிடம் கேட்டார், நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் ஒரு இடத்துக்கு நேரில் போய்விட்டு வந்தார். ஒன்றும் அமையவில்லை. பெண் ஒன்பதாவது முடித்திருந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஆபீஸிலிருந்து கிளம்பிய மதியம் நான் கூடவே கார் நிறுத்துமிடம் வரை போனேன். வெயில் தார்மேல் கொதித்தது. அவர் அந்த வருஷக் குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார், இனி வருகிறவர் சின்ன வயது, ரிசீவர்கள் எல்லாம் பழைய கைக்குப் பழகியவர்கள், புதுக் கையின் வேகம் பிடிபட நாளாகும், பாவம் என்றார். காரைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தார். இதற்குமேல் விட்டால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"சார், அன்னிக்கு டேப் முடியல. முடியறதுக்கு முன்னாடியே ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

"டேப் எப்ப நின்னுதுன்னு லாகுல நேரம் எல்லாம் பதிவாகி இருந்துதுங்க அம்மணி. பாத்தேன்."

"எப்போ?"

"மீட்டிங்குக்கு முந்தின நாளே."

"அப்போ ஏன் சார் அங்க சொல்லல?"

அவர் உண்மையாகவே குழம்பினார். நான் இவ்வளவு எளிமையான விஷயத்தைக் கேட்கிறேனே என்பதுபோல் பார்த்தார். "விட்டது நான்தானுங்களே" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ பொய் சொன்னாய், உன்னால் என் பெண்ணின் படிப்பு போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அழுதிருப்பேன், மேலே போய் டைரக்டர் கதவைத் தட்டியிருந்தாலும் தட்டியிருப்பேன். அப்படித்தான் என்னை நானே நம்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு அங்கேதான் இருந்தது. மறுநாளும் இருந்தது. நான் தட்டவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் கிரைண்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்க மின்சாரத்துக்கென்றே மோட்டார் வைத்து வாங்கி வந்தது. ஊருக்குக் கொண்டுபோனால் ஓடாது. வேறு யாருக்கும் கொடுக்க அவர் மனைவிக்கு மனமில்லை. நானும் என் கணவரும் போனோம். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கேசட்டுகளை ஜிம் வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்.

அவர் மனைவி எங்களுக்கு டம்ளர் இல்லாததால் காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, கணவர் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

"கேஸ் அணைச்சமான்னு நாலு தரம் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறவருங்க இவரு. அத்தனை பெரிய வேலையில பாக்காம விட்டுட்டாரே. நீங்க கூட இருந்தீங்களே அம்மணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அந்த அம்மாளுக்குத் தெரியாது. சார் வீட்டில்கூடச் சொல்லவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் தெரியும். காப்பி கையைச் சுட்டது. இங்கே சொல்வதால் எனக்கு வேலை போகாது, விசா போகாது. இந்த அம்மாள் இரண்டு மாதமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார், இனி ஊருக்குப் போயும் திட்டப்போகிறார், ஒரு வரியில் அதை நிறுத்திவிடலாம். நான் வாயைத் திறந்தேன். "சாரி ஆன்ட்டி" என்றேன். அவர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

சார் கிரைண்டரிடம் போய்க் குனிந்தார். அந்தக் கல்லை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். என் கணவர் கார் டிக்கியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கல்லை விளிம்புவரை கொண்டுவந்துவிட்டோம். இனி அவர் கையை எடுத்தால் நான் ஒருத்தியாக உள்ளே சாய்த்து இறக்க வேண்டும்.

"பிடிச்சீங்களா அம்மணி?"

"பிடிச்சுட்டேன் சார்."

அவர் விடவில்லை. மூன்று வருஷத்தில் அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் விரல்கள் ஒரு விநாடிகூடத் தங்கியதில்லை. கல்லின் கனம் இரண்டு பேர் கையிலும் அப்படியே நின்றது. அவர் கழுத்தைச் சாய்த்து, நழுவுகிற கண்ணாடியோடு கல்லுக்கு அடியில் குனிந்து, என் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அதற்கப்புறம்தான் விட்டார்.

அந்தத் தடவை நான் உண்மையாகவே பிடித்திருந்தேன்.